லாரியைத் திட்டாத அம்மா

எங்கள் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய போர்வையைத் திணிக்க வேண்டும். அதன் பிறகு லாரி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். திருவொற்றியூரில் பெரிய சாலையை ஒட்டிய ஒரு சமூகக் கூடத்தின் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான் நிலையம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கீழே வரிசை கட்டி நிற்கும். ஒன்று ஹாரன் அடித்தால் பின்னால் இருப்பவை எல்லாம் அடிக்கும். அப்போது பேசுகிறவர் நிறுத்திவிட வேண்டும். சத்தம் அடங்கியதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவில் உள்ள இரைச்சலைப் பிறகு கணினியில் வெட்டிவிடுவோம். இது எங்கள் விதி.

அந்த விதிக்கு அடங்காத ஒரே ஆள் என் அம்மா.

அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான், கல்லூரிப் படி ஏறியவளும் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும். காலையில் ஏலத்துக்கு ஓடுவதற்கு முன் எனக்குத் தலை பின்னிவிட்டுப் போன ஒருத்தியின் உழைப்பு அது.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இந்த வானொலியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. பேச ஆள் பிடிப்பது, பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, மாடிப்படி பெருக்குவது எல்லாம் நாங்களே. நல்ல நாளில் எண்ணூர் வரை கேட்கும். கரையோரம் வலை போடுகிறவர்கள் கைப்பேசியில் கேட்பார்கள். ஒருநாள், பேச வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்காக வந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“நான் இன்னாத்த பேசறது?”

“மீன் வாங்கறதப் பத்திச் சொல்லும்மா. கெட்டுப்போன மீன எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அத்தச் சொல்லிட்டா அப்பால நாங்க எப்படிப் பொழைக்கிறது?” என்று கேட்டுவிட்டு அம்மாவே சிரித்தாள். பிறகு மைக்கின் பக்கம் குனிந்து, “ஆங்” என்றாள்.

அந்த “ஆங்” தான் ஆரம்பம். எதைச் சொல்வதற்கு முன்பும் அதைச் சொல்வாள். “ஆங். மொதல்ல செவுளத் தூக்கிப் பாரு. செவப்பா கீதா, எடு. வெளுத்துப்போயி கீதா, அத்த வெச்சிகினு நிக்கிறவ மூஞ்சியப் பாரு. அவ ஒன் மூஞ்சியப் பாக்கமாட்டா, அந்தாண்ட திரும்பிக்குவா.” அப்போது கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்துத் திட்டினாள்.

“டேய் சோமாரி! இங்க ஒரு பொம்பள பேசிகினு கீறால்ல? ஒன் ஆரன நீயே வெச்சிக்கோ, போ. போடா. ஆங், போய்ட்டான். எங்க வுட்டேன்? செவுளு.”

வெட்ட நேரமில்லாமல் அப்படியே ஒலிபரப்பானது. அன்று எங்கள் தொலைபேசி ஓயவில்லை. படகிலிருந்து ஒருவர், “அந்த லாரியத் திட்ன அக்கா நாளைக்கும் வருமா?” என்று கேட்டார்.

வந்தாள். செவ்வாய்தோறும் மதியம் மூன்று மணிக்குப் பதிவு, புதன் காலை ஒன்பதுக்கு ஒலிபரப்பு. விற்றுமுடித்து, குளித்து, புளியும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வருவாள். “ரேடியோவுல மீன் வாசன போவாதும்மா” என்றேன். “ரேடியோவுல போவாது. ரூமுல போவும்ல? அந்தப் புள்ளைங்க மூக்கப் பொத்திகினா வேல செய்யும்?” என்றாள். காரப்பொடி மீனை எப்படி ஆய்வது, தடைக்காலத்தில் ஐஸ் மீனை எப்படி ஏமாறாமல் வாங்குவது, மாமியார் வந்தால் எந்தத் துண்டை யார் தட்டில் போடுவது, எல்லாம் பேசினாள். லாரிகளைத் தவறாமல் திட்டினாள். கேட்டவர்கள் அவளைக் கூடைக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். காசிமேட்டில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண்கள் புதன்கிழமைகளில் கைப்பேசியை மீன் பெட்டிமேல் வைத்துச் சத்தமாகக் கேட்டார்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, எங்களைப் போன்ற சிறிய வானொலிகளிலிருந்து நிகழ்ச்சிகளைத் திரட்டும் ஓர் அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு நிலையமும் ஒரு நிகழ்ச்சி அனுப்ப வேண்டும். தேர்வாவதை மற்ற ஊர் வானொலிகளும் ஒலிபரப்பும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அண்ணன் யோசிக்கவே இல்லை. “கூடைக்காரம்மாதான். நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பு” என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அந்த இரவு எனக்கு அம்மாவின் குரல் நினைவுக்கு வரவில்லை. என் கல்லூரியின் முதல் நாள் வகுப்பறை நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று, “எங்க வூடு காசிமேட்டுல கீது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அடுத்த பல வாரங்கள், கேண்டீனில் என்னைப் பார்க்கிறவர்கள், “இன்னா கீது?” என்று கேட்பதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தார்கள். நான் அழவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டேன். வாசிப்பவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் திருப்பிச் சொல்வேன். ஒரே வருடத்தில் ‘கீது’ என் வாயைவிட்டுப் போனது. எதற்கு இந்த முணுமுணுப்பு என்று அம்மா கேட்டபோது, “பரீட்சைக்கு” என்றேன்.

மதுரையிலும் கோவையிலும் என் அம்மாவைக் கேட்டு யாராவது அப்படிச் சிரித்தால்? அதை நான் நடக்க விடுவதாக இல்லை.

நான் ஒரு பிரதி எழுதினேன். நல்ல தமிழ். இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எனக்குத் தெரிந்த வழியையே அவளுக்கும் வைத்தேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

“செவுள்கள் சிவந்த நிறத்தில் இருத்தல் வேண்டும்.”

“செவுளுங்க செவந்த…”

“செவுள்கள்.”

“செவுல்கள்.” அம்மா ஹெட்போனைக் கழற்றினாள். “கண்ணு, மீனு வாங்கறவ எவ இப்டி பேசுவா?”

“இது வெளியூருக்குப் போவுதும்மா. அங்க இருக்கறவங்களுக்குப் புரியணும்.”

இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “நீ படிச்சவ. ஒனக்குத் தெரியாததா?” என்று மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பத்து நிமிட நிகழ்ச்சிக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. லாரி வந்தபோதெல்லாம் நான் கையைக் காட்ட, அவள் ஒரு சொல் பேசாமல் காத்திருந்தாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து வெட்டினேன். மீதியிருந்த “ஆங்” எல்லாவற்றையும், அவள் மூச்சு வாங்கியதைக்கூட எடுத்தேன். கேட்டுப் பார்த்தபோது வழவழவென்று இருந்தது. அதை அனுப்பியதோடு நிற்கவில்லை. அந்தப் புதன்கிழமைக்கும் அதையே போட்டேன். அது மட்டுமா? அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காசிமேட்டுக்குப் போனேன்.

அம்மா குடையின் கீழே சங்கரா மீன்களை அடுக்கி வைத்திருந்தாள். நான் வந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. “வா, குந்து” என்று கவிழ்த்த பெட்டியைக் காட்டினாள். பக்கத்தில் நண்டு விற்கும் அத்தை கைப்பேசியை வைத்தாள். ஒன்பது மணி.

“வணக்கம் நேயர்களே. தரமான மீன்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் குறித்து இன்று காண்போம்.”

“ஏய், ஸ்டேசன் மாறிப்போச்சுடி” என்றாள் நண்டுக்கார அத்தை.

“இல்ல அத்த, அம்மாதான்” என்றேன்.

“ஒங்கம்மாவா இது? மெய்யாலுமா?” குனிந்து கேட்டாள். எதிர்ப்பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ‘செவுள்கள்’ வந்தபோது இறால்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

“அய்ய, இது கூடைக்காரி இல்லடி, கலெக்டரு பொண்டாட்டி!”

“டீச்சரம்மா, எனக்கு அர கிலோ சங்கரா வழங்குங்கள்.”

“இரு இரு, லாரி வரட்டும். இன்னா திட்டு திட்றா பாக்கலாம்.”

லாரி வரவில்லை. நிகழ்ச்சி முடியும் வரை அவர்கள் காத்திருந்தார்கள், வரவேயில்லை. அம்மாவும் முதலில் சிரித்தாள். வெத்தலைக் காவி தெரிய நன்றாகவே சிரித்தாள். பிறகு ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு மீன்மேல் தெளித்தாள். மறுபடி தெளித்தாள். ஈரம் காயாத மீன்மேல் மூன்றாவது முறை தெளித்தபோது, அவள் என்னைப் பார்க்காமல் அந்தாண்டை திரும்பிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

“ஃபோன அமுத்துடி” என்றாள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பறையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரோ எவரோ. அம்மாவுக்கு இவர்கள் இருபது வருடப் பழக்கம். அவள் குரல் அவளுடையது இல்லை என்று அவர்கள் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருந்தது.

அடுத்த செவ்வாய் அம்மா தலைவலி என்றாள். அதற்கடுத்தது விற்பனை முடியவில்லை. மூன்றாவது வாரம் நான் நேராகக் கேட்டேன்.

“நீ முன்ன மாதிரியே பேசும்மா. நான் ஒண்ணும் வெட்டமாட்டேன்.”

வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. “முன்ன பேசனது சரியில்லன்னு தானே திருத்தன? இப்ப அதே வாயில எப்டி பேசறது? பேசறப்ப ஒவ்வொண்ணுக்கும், இது சரியா தப்பான்னு மண்டைல ஓடும். வேணாம் கண்ணு. எனக்கு வேல கீது.”

நாங்கள் அனுப்பியது தேர்வாகவில்லை. ‘இயல்பாக இல்லை, எழுதியதை வாசிப்பதுபோல் இருக்கிறது’ என்று பதில் வந்தது. ஒரு கடிதத்தைக்கூட வாசிக்கத் தெரியாத என் அம்மாவைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துத்தான் பழைய நிகழ்ச்சிகளைத் தேடினேன். மறுஒலிபரப்பாவது செய்யலாம் என்று நினைத்தேன். ஒலிபரப்பானதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு இடம் போதாது என்று அழித்துவிடுவோம். அழிக்கும் வேலை என்னுடையதுதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பட்டியலைப் பார்த்து, ஒன்றுகூட விடாமல் அழித்திருந்தேன். வெளியூருக்கு அனுப்பியது மட்டும் என் பென்டிரைவில் தனியாகப் பத்திரமாக இருந்தது. “வணக்கம் நேயர்களே.” பதிவான அம்மாவின் குரலென்று இன்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

வீட்டில் அவள் பேசும்போது பதிவு செய்ய முயன்றேன். கைப்பேசியைக் கண்டதும் பேச்சு மாறிவிடுகிறது. நண்டுக்கார அத்தையோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். நான் அருகே போனால், “ஃபோன கீழ வையி” என்பாள்.

கல்லூரியில் சிரித்ததை ஒருநாள் அவளிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, “அத்தொட்டுதான் கதவ சாத்திகினு முணுமுணுத்தியா? பரீட்சன்னு சொன்னியே” என்றாள். ஆமாம் என்றேன். “எங்கிட்ட சொல்லியிருந்தா வந்து கேட்டிருப்பேன்ல, இன்னாடா சிரிப்புன்னு” என்றாள். கேட்டிருப்பாள். இந்தத் தமிழிலேயே, அந்த வகுப்பறை வாசலில் நின்று கேட்டிருப்பாள். அதற்குப் பயந்துதான் நான் சொல்லவில்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறேன். இருந்தும் செவ்வாய் மதியம் அனுமதி கேட்டு நிலையத்துக்கு வந்துவிடுவேன். அம்மாவின் நேரத்தை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் நானே மீனைப் பற்றிப் பேசுகிறேன். சென்ற வாரம் நடுவில் லாரி வந்தது. அறையில் நான் மட்டும் இருந்தேன். பதிவை நிறுத்தாமல், ஜன்னலைப் பார்த்து, “டேய் சோமாரி” என்றேன். கேட்டுப் பார்த்தேன். சினிமாவில் எங்கள் ஊர்க்காரனாக நடிக்கிற வெளியூர்க்காரன் பேசுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டேன்.

அன்று இரவு தட்டில் மீனை வைத்தபடி அம்மா கேட்டாள்.

“இன்னிக்கு லாரி வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

“இன்னா பண்ண?”

“நிறுத்திட்டு, போனதும் மறுபடி எடுத்தேன்.”

“ம்” என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு, முள் பார்த்துத் தின்னச் சொன்னாள்.