சடங்கு வீடியோ: அகலமா, முழுசா?

நிலத்துக்குச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் டிவியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வந்த இரண்டு கறுப்புப் பட்டைகளுக்காக எங்கள் அப்பாவும் தாய்மாமாவும் ஒரு மாசத்துக்கு மேல் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. என்னத்தைச் செய்வது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். எனக்கு ஒன்பது வயசு. அக்கா வயசுக்கு வந்ததற்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். வீடியோ எடுக்க மரக்காணம் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் புதுசாக ஒரு கேமரா வாங்கியிருந்தார். விழாவுக்கு முன்னாலேயே அக்காவை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்க வைத்து, பனிமலையில் நிற்கிற மாதிரி நடுங்கச் சொன்னார். வைகாசி வெயில். அக்கா வியர்த்துக்கொண்டே நடுங்கினாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

விழா முடிந்து பத்துப் பதினைந்து நாளில் சாம்பிள் சிடி ஒன்று கொடுத்தனுப்பினார். உப்பளத்துக் காட்சியும் மாமா சீர் கொண்டுவந்த காட்சியும் மட்டும் அதில் இருந்தன. எல்லோரும் டிவி முன்னால் கூடினோம். படம் ஓடியது. ஆனால் திரை முழுக்க ஓடவில்லை. நடுவில் மட்டும் அகலமாக ஓடியது.

"டிவி போச்சா இன்னா?" என்று அப்பா எழுந்து போய்ப் பொட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டை போகவில்லை.

நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் ஏதாவது படம் ஒளிந்திருக்கும், இந்தக் கோணத்தில் தெரியும் என்று எனக்கு ஒரு எண்ணம். தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்து டிவியை அளந்தேன். பட்டையை அளந்தேன். அக்காவின் உயரத்தைத் திரையில் அளந்தேன். அம்மா ஸ்கேலைப் பிடுங்கி என் முதுகை அளந்தாள்.

அப்பா ஸ்டுடியோவுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வீடியோ அண்ணன் பொறுமையாகச் சொன்னார். புது கேமராவில் சினிமா மாதிரி அகலமாக எடுத்திருக்கிறார். நம் டிவி சதுரம். அகலத்தைச் சதுரத்தில் வெட்டாமல் காட்டினால் மேலும் கீழும் காலியாகத்தான் இருக்கும். காலி வேண்டாம் என்றால் படத்தைப் பெரிசாக்கித் திரையை நிரப்பலாம், ஆனால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும்.

"வெட்டுப்படற படம் எங்கண்ணா போகும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது பாப்பா. இருக்காது, அவ்ளோதான்."

இருந்த ஒன்று எங்கேயும் போகாமல் எப்படி இல்லாமல் போகும் என்று எனக்குப் புரியவே இல்லை. வழி நெடுக அப்பாவை அரித்தெடுத்தேன். அப்பாவுக்கு அதில் குழப்பமே கிடையாது. இருபத்தோரு இஞ்ச் டிவி வாங்கியது இருபத்தோரு இஞ்ச்சும் பார்ப்பதற்கு. பட்டை போட்ட படம் அவருக்கு வேண்டாம்.

மாமாவுக்கோ அகலம்தான் வேண்டும். அவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். அக்கா பிறந்த நாளிலிருந்தே இந்தச் சீருக்காகக் காத்திருந்தவர் மாதிரி, தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் தட்டுகளை வரிசையாகத் தூக்க வைத்திருந்தார். அகலப் படத்தில் அந்த வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டது. ஓரத்தை வெட்டினால் பாதித் தட்டு போய்விடும்.

"ஏம்பா மச்சான், தட்டு எத்தினின்னு டிவியில எண்ணிப் பாத்தாதான் தெரியுமா? ஊருக்கே தெரியும்பா" என்றார் அப்பா.

"தட்டை வெட்டுறதும் என் கழுத்தை வெட்டுறதும் ஒண்ணுதான் மாமா" என்று சொல்லிவிட்டு மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என் அத்தை பஜாருக்குக் கிளம்பினாள். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அத்தையின் கணவர் நான் பிறப்பதற்கு முன்பே லாரி மோதி இறந்துபோனார். குழந்தை கிடையாது. விடிவதற்குள் உப்பளத்துக்கு வேலைக்குப் போவாள், மதியம் வந்து எங்களுக்குத் தலை வாரிவிடுவாள். அக்காவை இடுப்பிலேயே வைத்து வளர்த்தது அத்தைதான் என்று அம்மாவே சொல்வாள். அப்பா அத்தையைக் கூப்பிட்டு, "ஸ்டுடியோவுல திரை முழுசா போடச் சொல்லிட்டு வா" என்றார். தெருமுனையில் மாமா லாரியை நிறுத்தி, "அகலமாவே போடச் சொல்லிடுங்க, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். இரண்டு பேரிடமும் அத்தை சரி என்றாள்.

நான் மாமா கட்சி. ஓரத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் எனக்குப் பார்க்க வேண்டும். கூடவே போனேன்.

வீடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினார். முதலில் அகலம். அக்கா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தராக வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, தலையில் மஞ்சள் அரிசி போட்டு நலங்கு வைக்கிறார்கள். அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்கா. அந்த இடத்துக்குப் புருஷன் இல்லாதவள் வரக்கூடாது. வராதே என்று அத்தையிடம் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. அன்று காலையிலிருந்து அவள் சமையல் பக்கமே இருந்தாள்.

"அத்தை, இதோ நீ!" என்று கத்தினேன்.

வலது ஓரத்தில் பந்தல் காலைத் தாண்டி, சமையல் பக்கத்திலிருந்து வந்து நிற்கிறாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்கிறாள். எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடியிருந்த கையைக் கொஞ்சமாகத் தூக்கி, அக்கா இருக்கும் திசையில் மஞ்சளாக எதையோ போடுகிறாள். அது பாதி தூரம்கூடப் போகவில்லை, அவள் காலடியிலேயே விழுகிறது. உதடு அசைகிறது. உடனே திரும்பிப் போய்விடுகிறாள்.

பிறகு அண்ணன் முழுத்திரையை ஓட்டினார். அதே இடம், அதே சந்தனம். அக்கா முகம் பெரிசாக, அழகாக இருந்தது. பந்தல் காலோடு படம் முடிந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெட்டுப்படுவது என்றால் என்னவென்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அத்தை பக்கம் திரும்பி, "பாத்தியா? அகலம்னா நீ இருக்கே, முழுசுன்னா நீ இல்லே" என்றேன்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, அந்த முதல்ல போட்டியே, அதை இன்னொரு வாட்டி ஓட்டேன்" என்றாள்.

ஓட்டினார். எழுந்து கிட்டே போய், திரையில் முகம் இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாள். கையிலிருந்தது காலடியில் விழுந்த இடம் வந்ததும் அவள் உதடு மறுபடியும் அசைந்தது.

"இதை வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

"வெட்டினா எங்கயும் இருக்காதில்ல?"

"கேசட்ல இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கு அது மேலயே எடுத்துடுவேன். அப்புறம் இருக்காது."

"அப்போ முழுசாவே போட்டுடுப்பா."

நான் குதித்தேன். மாமாவின் தட்டு போய்விடும் என்றேன். நீயே போய்விடுவாய் என்றேன். நம் வீட்டு ஆல்பத்தில் ஒன்றிலும் நீ இல்லை, இதிலாவது இரு என்று கையைப் பிடித்து இழுத்தேன். அத்தை கையை விடுவித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்கக்காவுக்கு ஒரு தலைவலி வந்தாகூட இதைத்தான்டி போட்டுப் பாப்பாங்க" என்றாள்.

வீடியோவுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்? கறுப்புப் பட்டையைப் பார்த்தால் தலை வலிக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். வீடியோ அண்ணன் ஏனோ என்னைப் பார்க்காமல் கீ போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை மேல் எனக்குச் சரியான கோபம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பளம் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓடியது. ஆனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் என்னால் கோபமாக இருக்க முடியாது, அது என் பிறவிக் குணம்.

"கையில இன்னாத்தை வெச்சிருந்தே அத்தை?"

"அரிசி."

"எதுக்கு?"

அத்தை வெளியே பார்த்தாள். "பசிச்சுது. மெல்லலாம்னு எடுத்தேன், கொட்டிடுச்சு."

நம்பினேன். அப்பா ஜெயித்ததையும், மாமா வெட்டுப்பட்ட தட்டுகளைப் பார்த்துவிட்டு ஆடி மாதம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராமல் இருந்ததையும் விட அத்தைக்குப் பசித்ததுதான் என் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி அரிசி எடுத்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் தூளைக் கலந்து, கதவுக்குப் பின்னால் நின்று வாயில் போட்டுக்கொண்டேன். கசந்தது. பல்லெல்லாம் ஒட்டியது. அத்தனை பேருக்கும் விருந்து வடித்துக் கொட்டிவிட்டு இதையா பசிக்கு எடுத்துக்கொண்டாள் என்று நினைத்ததும் அத்தையை நினைத்து எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அடுத்த விசேஷத்தில் அவளுக்கு முதல் பந்தியிலேயே சோறு போடச் சொல்லி அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.