காற்றுப் படாத வீடு

மகள் பிறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அன்று காலை வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர் பற்றவில்லை. ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹீற்றர்கள் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. வெளியே உறைபனி. பிள்ளையின் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

உதவிக்கு ஆள் இல்லை. கணவரின் தாய்க்கு, அதாவது என் மாமிக்கு, விசா கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைப்பேற்று வேலை முழுவதும் கணவரின் தலையில் விழுந்தது. டெலிபோன் கார்டில் யாழ்ப்பாணத்துக்கு எடுத்து, மாமியிடம் கேட்டுக் கேட்டுப் பத்தியச் சரக்கு அரைப்பார். எனக்கு வெந்நீர் வார்ப்பார். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று மாமி ஒரு முறைதான் சொன்னார். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஜன்னல் இடுக்கு, கதவின் அடி, கடிதம் போடும் துவாரம் எதையும் துணி அடைக்காமல் விட்டுவைக்கவில்லை. பாவம், தபால்காரர் கடிதங்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்.

அன்று காலை இவர் அடுப்படியில் பொய்லருக்கு முன்னால் நின்று ரீசெட் பட்டனை அழுத்தினார். உள்ளே காற்றாடி சுற்றியது. சற்று நேரத்தில் அதுவும் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப அழுத்தினார். அதே கதைதான். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து வந்தேன்.

"நீர் ஏன் எழும்பி வந்தனீர்? போய்ப் படும்."

"படுத்துக் கிடந்து விறைக்கச் சொல்லுறியளோ? போனைத் தாங்கோ."

ஆங்கிலத்தில் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. பொய்லர் கம்பனிக்கு நானே எடுத்தேன். ஒரு பெண் பொறுமையாக விசாரித்தார். காற்றாடி சுற்றுகிறதா? சுற்றுகிறது. நெருப்புப் பொறி தட்டும் சத்தம் கேட்கிறதா? இல்லை. அப்படியானால் வெளிச்சுவரில் புகை போகும் குழாயின் வாயைப் பார்க்கச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, பின்சுவரிலை இருக்கிற குழாய் அடைபட்டிருக்கோ எண்டு கேக்கிறா."

அவர் முகம் செத்துவிட்டது.

"அதுக்காலையும் காத்து வருமெண்டு நினைச்சு நேற்றுத்தான்..."

முடிக்கவில்லை. கோட்டுக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய பழைய வேட்டி, பனியில் விறைத்துப்போய் இருந்தது.

அதை நான் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொய்லர் தானாகவே நின்றது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். எரிந்திருந்தால் நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பியிருக்கலாம், வாசம்கூடத் தெரிந்திராது, நித்திரையிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்றார். நாளைக்கு ஆள் வந்து பரிசோதிப்பார், இப்போது ஒரு தரம் அழுத்திப் பாருங்கள் என்றார். பட்டனை அழுத்தும்படி இவருக்குத் தலையால் சைகை காட்டினேன்.

அழுத்தினார். டிக், டிக் என்று பொறி தட்டி, நீலச் சுடர் பற்றியது. நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"என்னவாம்? ஏன் பிள்ளையை இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறீர்?"

நித்திரை கண்டு நாளான கண்கள். சரக்கு அரைத்து அரைத்து மஞ்சளேறிய விரல்கள். இந்த மனுசனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு ஆசை அவரில் எனக்கு.

"உங்களை மாதிரிப் பெண்சாதியைப் பாக்கிற ஆம்பிளையை இந்தப் பொம்பிளை இதுவரை காணேல்லையாம்" என்றேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு என் கையிலிருந்த போனுக்குக் கிட்டக் குனிந்து, "தாங்க் யூ" என்றார்.