முராய் வந்து உட்கார்ந்த தொட்டில்

மாசி பிறந்தால் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர் மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாய் நிற்கும். அப்புறம் ஒரு விடியலில் பார்த்தால், செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். முராய் வாய் ஓயாமல் பாடுவது அந்த நாட்களில்தான். கறுப்பும் வெள்ளையுமாய்ச் சின்னக் குருவி. அது வாலைத் தூக்கிச் சீட்டியடித்தால் லீலாவதிக்குக் கைவேலை ஓடாது.

லீலாவதி தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். தாய்மார்கள் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போனதும் சேலைத் தொட்டில்களை ஒவ்வொன்றாய் ஆட்டிவிடுவாள். லோரி ஓட்டும் அவள் கணவன் வாசு, எண்பத்து நாலில் ஒரு பழைய கேமரா வாங்கி வந்தான். திருவிழாவைப் படம் எடுக்க ஆசைப்பட்டான் அவன். அவளோ முராயை எடுத்தாள்.

படம் கழுவித் தந்த ஸ்டூடியோக்காரர் தனபாலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா, ரோல் முழுக்க வெறும் மரமா இருக்கு லா. குருவி எங்க?"

"இங்கதாங்க இருந்துச்சு" என்று ஒரு கிளையைத் தொட்டுக் காட்டினாள்.

வீட்டில் வாசு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். "இதுலயா பாடுச்சு?"

"நீங்க பாக்குற எடத்துக்குக் கொஞ்சம் மேல."

அவன் கொஞ்சம் மேலே பார்த்தான்.

மறுவருஷம் அவள் குருவியைத் தேடி அலையவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே இருந்தாள். ஒருநாள் காலை, பிள்ளைகள் எல்லாம் தூங்கிக் கிடந்தன. தளிர்களுக்குள் புகுந்து வந்த வெயில் சிமெண்டுத் தரையையும் தொட்டில் சேலைகளையும் இளஞ்சிவப்பாக்கியிருந்தது. தானும் தூக்கத்துக்குள்தான் இருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில், சன்னல் வழியாக முராய் உள்ளே வந்து ஒரு தொட்டில் கயிற்றில் உட்கார்ந்தது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் மெல்லப் பாடியது. லீலாவதி மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். சத்தம் கேட்டும் அது பறக்கவில்லை. பாடி முடித்துவிட்டே போனது.

படம் கண்ணாடிபோல் விழுந்திருந்தது. முதலில் பார்க்க வந்தவள் தாயம்மா. புருஷனுக்கு ரவாங் பேக்டரியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் புறப்பட இருந்தவள்.

"ஐயோ அக்கா! எம் புள்ளைய எவ்ளோ அழகா எடுத்திருக்கீங்க! இவளுக்கு ஒரு படங்கூட இல்ல தெரியுமா?"

"குருவியப் பாத்தியா?"

"எங்க? அட, ஆமா" என்றாள் தாயம்மா. ஆனால் அவள் கண் மறுபடி தொட்டிலுக்குள் தூங்கும் மகளிடமே போய்விட்டது.

லீலாவதிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பிறகு அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தாள். படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

நெகட்டிவ் இருந்ததால் தனக்கும் ஒன்று போட்டுச் சட்டம் அடித்து மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, "இது யாரு புள்ள?" என்று கேட்பார்கள்.

"அதுவா? அது முராய்" என்பாள் லீலாவதி.