செங்கமலத்துக்கு மேலுக்கு எப்படி இருக்கு?

கறம்பக்குடியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, கீற்றுக் கொட்டகையில் இட்லிக்கடை வைத்திருந்தவள் செங்கமலம். முதல் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களும், சந்தை நாளில் கடலை மூட்டையோடு வந்து இறங்குகிற சம்சாரிகளும் அவள் கடைக்கு வராமல் போவது கிடையாது. அவர்கள் இட்லிக்காக வருகிறார்களா, அவளுடைய பேச்சுக்காக வருகிறார்களா என்று அவள் புருஷன் நல்லதம்பிக்கே சந்தேகம் உண்டு. வருகிறவனுடைய மகளுக்குப் பிரசவமா, மாட்டுக்குக் கோமாரியா, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா, எல்லாம் விசாரிப்பாள். திருப்பி யாராவது அவளைக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான்.

"எனக்கென்ன, நல்லாருக்கேன். இன்னும் ரெண்டு வைக்கவா?"

காய்ச்சலோடு அடுப்படியில் நின்ற நாளிலும் அப்படித்தான் சொன்னாள். ஒரே மகள் அழகம்மாளைத் திருவரங்குளத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, வீடு வெறிச்சென்று கிடந்த நாட்களிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தவன் முகம் வாடக்கூடாது என்பது அவளுக்கு முதலில் தொழிலாக இருந்தது, போகப் போக அதுவே குணமாகிவிட்டது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில், காலையில் எழுந்திருக்கும்போது அவள் கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏ புள்ள, மூஞ்சி என்ன இப்படி அதைச்சுக் கெடக்கு?" என்றான் நல்லதம்பி.

"தூக்கம் கூடிப்போச்சுங்க."

கார்த்திகை பிறந்தபோது வீக்கம் காலுக்கு இறங்கிவிட்டது. மெட்டி சதைக்குள் புதைந்து, ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மாவாட்ட உட்கார்ந்தால் மூச்சு இரைத்தது. செய்தி கேட்டு அழகம்மாள் ஓடி வந்தாள். ஆத்தாவைப் பார்த்த மாத்திரத்தில் ஓவென்று அழுதுவிட்டு, அந்த அழுகையோடேயே பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பாதிரிமார் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வந்திருந்தார் டாக்டர் குழந்தைசாமி. மீசை சரியாக அடர்ந்திராத முகம். செங்கமலத்தின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் அது திரண்டு நின்றது.

"ஆட்டுல குண்டிக்காய்னு வாங்குவீங்கல்ல, அது மனுஷனுக்கும் உண்டும்மா, நீரைப் பிரிக்கிறது அதுதான். ஒங்களுக்கு அதுலதான் கோளாறு. ஒடம்புல தங்க வேண்டிய சத்து நீரோட போகுது, போக வேண்டிய தண்ணி ஒடம்புல தங்குது. ஊசி போடுறேன். ஆனா உப்பு கூடாது. நாக்குல படவே கூடாது."

இட்லிக்கடைக்காரியிடம் உப்பு கூடாது என்றதும் அழகம்மாளுக்கே சிரிப்பு வந்தது. செங்கமலம் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்கய்யா" என்றாள்.

ஊசிமருந்து புதுக்கோட்டையில் கிடைக்கவில்லை. டாக்டரே திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தார். அதைப் போட்ட அன்று அவளுக்கு நீர் பிரிந்தது பிரிந்தபடி இருந்தது. வார்டில் படுத்திருந்த நாட்களில் வீக்கம் மளமளவென்று வடிந்து, கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டாக்டரைக் கூட்டிவந்து அவள் காலைக் காட்டினார். ஊசி மேஜையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் ஆரோக்கியம்மாளிடம், "பாத்தீங்களா சிஸ்டர், பாத்தீங்களா?" என்று பலதடவை கேட்டார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல் அது இருந்தது. செங்கமலம் அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, வாரம் ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கறம்பக்குடிக்குத் திரும்பியவள் உப்புச்சட்டியை நல்லதம்பியின் பக்கம் தள்ளிவிட்டாள். குழம்பை ருசி பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். அவன் கைக்கு வந்ததை அள்ளிப்போட, ஒருநாள் சாம்பார் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது. வாடிக்கையாளர்கள் அவளுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். அவளுக்கு வெறும் கஞ்சி, வெறும் கீரை, உப்பில்லாத மோர்.

தை மாதக் கடைசியில் அது ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. கரண்டியைப் பிடித்த கை நடுங்கி, மாவு தட்டுக்கு வெளியே விழுந்தது. கெண்டைக்கால் திடீரென்று உருண்டு கல்லாகிவிடும். அதை அமுக்கிக்கொண்டு, முனகல் வெளியே வராமல் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். சோற்றைப் பார்த்தால் குமட்டியது. ஊசி போட்ட மறுநாள் எல்லாம் இன்னும் மோசமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வீக்கம்தான் வடிந்துவிட்டதே, இனி என்ன சொல்ல இருக்கிறது? வீங்கியிருந்தபோது உள்ளே மறைந்திருந்த பலவீனம் இப்போது வெளியே தெரிகிறது, நம் உயிர் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும்போல என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மெனக்கெட்டு மருந்து வாங்கி வந்த அந்தப் பிள்ளையிடம் போய், "நீ செஞ்சது பலிக்கல" என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி நடந்தது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். வீக்கம் இருந்தால் விழுகிற குழி இப்போது விழாது. சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார். முன்னைவிடத் தெளிவாக இருக்கும்.

"மேலுக்கு எப்படி இருக்கும்மா?"

"நல்லாருக்குங்கய்யா."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்துக்கொண்டே ஊசிக்கு எழுதிக் கொடுப்பார்.

மாசியில் ஒருநாள். ஊசி மேஜையில் உட்கார்ந்திருந்த செங்கமலத்துக்குக் கால் உருண்டுவிட்டது. முந்தானை வாய்க்குப் போவதை ஆரோக்கியம்மாள் பார்த்துவிட்டாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து காலைத் தொட்டாள். சதை பனங்கொட்டைபோல் இறுகியிருந்தது. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து, அது இளகும்வரை விடவில்லை.

"இது எத்தனை நாளா?"

"இப்பத்தான் சிஸ்டர். பஸ்ஸுல காலை மடக்கி ஒக்காந்தேன்ல, அதான்."

"வேற என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லைங்க. நல்லாருக்கேன்."

கல்லூரணியிலிருந்து கல்யாணம் கட்டி வந்து, மாமியார் வீட்டில் வாயைத் திறக்காமல் பத்து வருஷம் இருந்தவள் ஆரோக்கியம்மாள். "நல்லாருக்கேன்" என்கிற பேச்சு அவளுக்குத் தெரியாததல்ல. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, மேலுக்கு எப்படின்னு நான் கேக்கல. நேத்து காலைல எந்திரிச்சீங்கல்ல? அதுலேருந்து என்ன செஞ்சீங்க, அத மட்டும் சொல்லுங்க."

இதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? செங்கமலம் சொன்னாள். "எந்திரிச்சேன். செவுத்தப் புடிச்சுக்கிட்டேன்."

"ஏன் செவுத்தப் புடிச்சீங்க?"

"கண்ணு இருட்டுச்சு. இருட்டு போற வரைக்கும் நின்னேன். அப்புறம் அடுப்படிக்குப் போனேன். மாவுச்சட்டியத் தூக்க முடியல, அவுகளத் தூக்கச் சொன்னேன். இட்லி ஊத்துறப்போ கை ஆடுச்சுன்னு ஒக்காந்து ஊத்துனேன். கஞ்சி குடிச்சேன். வாந்தியெடுத்தேன். மத்தியானம் கால் இழுத்துச்சு, சாக்குல படுத்துக்கிட்டேன். ஆள் வந்தா எந்திரிச்சேன்..."

சொல்லச் சொல்ல அவளுக்கே திகைப்பாக இருந்தது. இத்தனையும் ஒரே நாளிலா? ஆரோக்கியம்மாள் எழுந்து, டாக்டரைக் கூப்பிடக் கதவுப்பக்கம் திரும்பியதும் செங்கமலம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்டச் சொல்லாதீங்க சிஸ்டர். சின்னப் புள்ள. மனசு ஒடஞ்சு போயிரும்."

"ஒடையட்டும், ஒட்ட வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம்மாள் போய்விட்டாள்.

டாக்டர் வந்தார். இந்தத் தடவை காலை அழுத்திப் பார்க்கவில்லை. ஆரோக்கியம்மாளின் முக்காலியில் உட்கார்ந்து, "இன்னொருக்க மொதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. தான் பயந்ததேதான் நடந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"உப்பு எவ்வளவு சேத்துக்கிறீங்க?"

"அய்யோ, சத்தியமா இல்லைங்கய்யா! நீங்க சொன்ன நாள்லேருந்து ஒரு கல்லு நாக்குல படல."

"மோர்ல? ஊறுகாய்? மக வீட்டுக்குப் போனப்போ?"

"மக வீட்டுல நானே தனியா வடிச்சுக் குடிச்சேன். சாம்பார் கொதிச்சா ஆவி மூஞ்சியில படாமத் தள்ளி நிக்கிறேனுங்க."

டாக்டர் ஆரோக்கியம்மாளைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கூடாது என்று சொன்னால், அங்கே வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் ஒளித்துவைத்து ஊறுகாய் நக்குகிறவர்கள். அதனால்தான் டாக்டரும் அழுத்தியே சொல்லிப் பழகியிருந்தார். அப்படியே எழுத்துக்கு எழுத்து கேட்டு நடக்கிற ஒருத்தி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அம்மா, அந்த ஊசி தண்ணிய மட்டும் இழுக்காது, உப்பையும் சேத்து இழுத்துட்டுப் போகும். உள்ள போறது ஒண்ணுமில்ல, வெளிய போறது நிக்கல. ஒடம்புல உப்பு வத்திப் போச்சு. நோவு முத்தல. நோவு கொறஞ்சுதான் வருது. நீங்க படுற பாடெல்லாம் வைத்தியத்தால வந்தது. நான் கேட்டிருக்கணும். கேக்கத் தெரியாமக் கேட்டுட்டேன்."

"அப்ப நான் சாகலையா?"

டாக்டர், "இல்லம்மா. சாகல" என்றார்.

ஊசியை நிறுத்தினார்கள். வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஆரோக்கியம்மாள் சமையற்கட்டுக்குப் போய் உப்புப் போட்ட கஞ்சி வாங்கி வந்தாள். செங்கமலம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கூடவே கூடாது என்று சொன்னதை இவ்வளவு நாள் ஒதுக்கிவிட்டு, இப்போது குடி என்றால் எப்படிக் குடிப்பது? செய்தி கேட்டு வந்திருந்த நல்லதம்பி கெஞ்சினான். கடைசியில் டாக்டரே வந்து நின்றார், அவர் கண்ணெதிரே ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறி, தொண்டை வழியாக என்னவோ இறங்கி நெஞ்சை நனைத்தது. டம்ளரை வைக்கவேயில்லை, முழுதும் குடித்தாள். குடித்துவிட்டு, "கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டாக" என்றாள். நல்லதம்பி சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த வாரத்துக்குள் கை நடுக்கம் நின்றது. கால் இழுப்பது குறைந்து குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. சுவரைத் தொடாமல் வராந்தா முழுக்க நடந்துவிட்டு வந்து, வார்டில் இருந்த கோட்டைப்பட்டினத்து மீன்காரி ஒருத்தியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அளவாக உப்புப் போட்டுச் சாப்பிடவும், வீக்கம் தலைகாட்டினால் மட்டும் ஊசிக்கு வரவும் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளிடம் வந்த மாற்றம்தான் டாக்டருக்குத் தலைவலி. பார்க்கப் போகிற நாளில் முதல் நாள் காலையிலிருந்து ஆரம்பிப்பாள். எந்த வேளை என்ன சாப்பிட்டாள், படியேறும்போது மூச்சு எங்கே வாங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் மருமகனுடைய கோபம், கடைக்கு வந்த குதிரைவண்டிக்காரனின் பல்வலி என்று போய்விடும். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"சிஸ்டர், நீங்கதான தொறந்துவிட்டீங்க, நீங்களே மூடுங்க" என்பார் டாக்டர். ஆனாலும் கேட்டார். மற்ற நோயாளிகளிடமும் அவர் இப்போது "எப்படி இருக்கு?" என்பதோடு நிற்பதில்லை. "நேத்து மாடி ஏறுனீங்களா? ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சீங்க?" என்று துருவினார். ஆரோக்கியம்மாளும் முக்காலியை ஊசி மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுவைத்தாள்.

நோய் ஒரேயடியாக விட்டுப் போய்விடவில்லை. அறுபதாம் வருஷம் ஒருநாள் காலையில், வேறு யார் கண்ணிலும் படாத லேசான கனம் ஒன்று அவள் இமையில் இருந்தது. நல்லதம்பி கவனிக்கும் முன்பே, "ஏங்க, எனக்கு மேலுக்குச் சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். அடுப்பை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.

டாக்டர் பார்த்தார். நல்லவேளையாக ஆரம்பத்திலேயே வந்துவிட்டாள், ஒன்றிரண்டு ஊசியிலேயே அடங்கிவிடும் என்றார். அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலங்குடி தாண்டியதும் காற்று முகத்தில் பட்டது, கவலை விட்ட மனசோடு அப்படியே தூங்கிப்போனாள். கறம்பக்குடி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த ஊரையும் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, எறங்கலையா?" என்று எழுப்பினார். பருத்திக்காட்டு நடுவே இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.