நீல எழுத்தில் ஓர் ஊர்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் பள்ளிக்கூட அட்லஸ் போடுகிற ஒரு சின்னக் கம்பனியில் படம் கீறுகிற வேலை எனக்குக் கிடைத்தது. கொழும்பில் நில அளவைக் கந்தோரில் அதே வேலை பார்த்தனான் என்றபடியால் எடுத்தார்கள். சீலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ட்ராமில் போய் இறங்குவேன். ஐரோப்பா, அமெரிக்கா என்று நல்ல தாள்கள் எல்லாம் மற்றவர்களுக்குப் போக, கடைசியாக வந்த எனக்குச் சைபீரியாவைத் தள்ளிவிட்டார்கள். ஆறும் காடும் தவிர வேறொன்றும் இல்லாத தாள். ஆரிட்டச் சொல்லி அழ?

அந்தத் தாளில் யாக்கூத்தியா என்று ஒரு பெரும்பரப்பு. அதில் நான் கீறிக்கொண்டிருந்த ஒரேயொரு மாவட்டம் மட்டும் இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அங்கேயுள்ள சனம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாலும் எங்கள் பக்கத்துப் பெரிய கோயில் தேருக்கு வருகிற கூட்டம் வராது. அப்படியிருந்தும் நாலு வீடு உள்ள இடத்துக்குக்கூட ஒரு கறுப்புப் புள்ளி, பக்கத்தில் பெயர். என்ர ஊர் வன்னியில். பெயர் குளம் என்று முடியும். பள்ளிக்கூடம், சங்கக்கடை, தபால் கந்தோர், நெல் ஆலை எல்லாம் உண்டு. ஆனால் இலங்கைப் படத்தில் அதற்கு இடமில்லை. இலங்கை அந்த அட்லஸில் பெருவிரல் அளவு. நாலைந்து பெயருக்கு மேல் கொள்ளாது. சைபீரியாவிலோ தாள் வெறிச்சென்று கிடக்கக் கூடாது என்பதற்காகக் கையில் அகப்பட்ட பெயரையெல்லாம் போட்டு நிரப்புவார்கள். கண்டறியாத சட்டம்.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் இதை நான் வாய்விட்டுச் சொல்லித் தீர்த்தேன். பக்கத்து மேசைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ரஷ்யப் படங்களை வாசித்துப் பெயர்களைச் சரிபார்க்கிறவர், அறுபதை நெருங்கியவர். முகத்தைப் பார்த்துச் சீனர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் எழும்பி வந்து, என் தாளில் ஆற்றுக்கு வடக்கே கிடந்த ஒரு புள்ளியில் விரலை வைத்து, தான் பிறந்த இடம் அது என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்குக் கோபமில்லை. ரஷ்யாவில் புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் தகப்பன் அவரைச் சின்னப் பிள்ளையாகச் சீனாவுக்குக் கொண்டுபோனாராம். அங்கிருந்த ரஷ்யர்களோடு சேர்ந்து பிறகு இங்கே வந்து இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, தகப்பன் சொல்லக் கேட்டதையும் சேர்த்து, அந்த நாட்டை எனக்குச் சொன்னார். நிலத்துக்கு அடியில் எப்போதும் பனிக்கட்டி. எங்கேயாவது அது உருகி நிலம் தாழ்ந்தால், காட்டுக்கு நடுவே வட்டமாக ஒரு பள்ளம் விழும். நடுவில் தண்ணீர் தேங்கும், சுற்றிவரப் புல் முளைக்கும். அதற்கு அலாஸ் என்று பெயர். புல் இருந்தால் மாடும் குதிரையும் இருக்கும், மாடு இருந்தால் நாலைந்து குடும்பம் இருக்கும். அடுத்த அலாஸுக்குப் போக அரைநாள் வேண்டும். இவ்வளவு பெரிய மாவட்டத்தில் இவ்வளவு கொஞ்சச் சனம் ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் மனைவி இந்த நாட்டுக்காரி, பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அப்பா எங்கே பிறந்தார் என்று அவர்களுக்குக் காட்ட அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை. அதனால் இந்த அட்லஸ் அச்சாகி வந்ததும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசையாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிய ரஷ்யப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் அந்தப் புள்ளி இல்லை. சின்னச் சின்ன இடங்களை மூடி, சனத்தைக் கொண்டுபோய்ப் பெரிய ஊர்களில் சேர்த்துவிட்டார்களாம். அதை முதலில் கண்டவரே அவர்தான், பாவம். பெயர் சரிபார்க்கிறது அவர் வேலையல்லவா? பொறுப்பாளர் வந்து பார்த்தார். ஆள் இல்லாத இடத்துக்குப் புள்ளி கிடையாது, எடுத்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெயர்களை மெல்லிய பிலிமில் அச்சடித்து, பின்னால் மெழுகு பூசி, பிளேட்டால் வெட்டி ஒட்டுவது எங்கள் முறை. எடுப்பதற்கு நுனியைக் கிளப்பினால் போதும். பிளேட்டைக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் மனம் வரவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க மாட்டாமல், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஊருக்கென்று தனிப் பெயர் இல்லை, அது அங்கேயுள்ள தண்ணீரின் பெயர் என்றார்.

அட, எங்கட வன்னி! குளத்தின் பெயர்தான் ஊருக்கும். நான் புதிய படத்தை இழுத்து வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் பெயரில்லாமல் ஒரு குட்டிக் குளம் இருந்தது. எங்கள் தொழிலில் ஊர்ப் பெயருக்குக் கறுப்பு நேரெழுத்து, தண்ணீருக்கு நீலச் சாய்வெழுத்து. தண்ணீருக்குப் பெயர் போட அதில் ஆள் இருக்கத் தேவையில்லை. புள்ளியைச் சுரண்டி எடுத்தேன். பெயரை நீலத்துக்கு மாற்றிச் சாய்வாக அடிக்கச் சொல்லி, குளத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பொறுப்பாளர் சும்மா விடுவாரா? மூலப் படத்தில் அந்தக் குளத்துக்குப் பெயர் இல்லையே, ஆதாரம் எங்கே என்று வந்து நின்றார். எனக்கு விசர் வந்துவிட்டது.

"இந்த மனிசன் அங்க பிறந்தவர். அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவர். இதுக்கு மேல உங்களுக்கு என்ன ஆதாரம் வேணும்?"

எனக்கு வந்த இங்கிலீசில்தான் கத்தினேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். பொறுப்பாளர் அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். ஆகச் சின்ன எழுத்தில் போடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அச்சுப்படி வந்த அன்று அவர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு, உன்னுடைய ஊர் இன்னும் படத்தில் வரவில்லையே என்றார். இல்லை, வராது என்றேன். அங்கே சனம் இருக்கிறதா என்று கேட்டார். நிறைய, நிற்க இடமில்லாத அளவுக்கு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப உனக்குப் படம் எதுக்கு? சனம் இருக்கிற ஊரெண்டால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம்."

அந்தச் சொல் எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. இலங்கைத் தாளைப் பார்த்து எரிச்சல்படுவதை அன்றோடு விட்டுவிட்டேன். அவர் காலமாகிக் கனகாலம். இலங்கையில் சண்டை வந்து எங்கட ஊர்ச் சனம் எழும்பிப் போயும் கனகாலம். போன கிழமை சும்மா இருந்த நேரம் கைபேசியில் வருகிற உலகப் படத்தில் ஊரின் பெயரை அடித்துப் பார்த்தேன். ஊர் வரவில்லை. குளம் வந்தது, நீல எழுத்தில்.