ஒரு நிமிடத்துக்கு எண்பத்தொன்பது சொல்

வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். அவள் வென்றவை: தையல் கூடத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்ற எழுத்து. இருபத்தாறாம் வயதில், நான்காம் முயற்சியில், பேருந்து ஓட்டுநர் உரிமம். தன்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவை வரி வரியாக வாசித்து, பிழை கண்டு, ஏழு மாதத்தில் திரும்பப் பெற்ற அதே வேலை.

இத்தனைக்கும் பதினொரு வயதில் அவளுக்கு ஒரு வரி வாசிக்க வராது. அந்த வருடம், பிள்ளைகளைப் பிள்ளைகளே வாசிக்கப் பழக்கும் திட்டம் பள்ளிக்கு வந்தது. நன்றாக வாசிப்பவருக்கு ஒரு தத்தி ஜோடி. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று தொடக்கத்தில் ஒருமுறை அளப்பார்கள், நான்கு மாதம் கழித்து மறுமுறை. நாற்பதைத் தாண்டினால் ஆறாம் வகுப்பு. இல்லையென்றால் அக்காவோடு தையல் கூடத்தில் நூல் வெட்டப் போக வேண்டும். சின்னவளின் முதல் அளவு ஆறு.

ஜோடியாக வாய்த்தவள் முதல் ரேங்க்காரி. அதிகம் முன்னேறும் ஜோடிக்குப் பரிசு உண்டு. முதலில் கொடுத்த அதே பக்கத்தை, யானையைக் குளிப்பாட்டும் கதையைத்தான் கடைசியிலும் கொடுப்பார்கள் என்று அவள் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"எழுத்தெல்லாம் உனக்கு ஏறாதுடி. நான் சொல்றத அப்படியே சொல்லு. விரல மட்டும் வரி மேல ஓட்டு."

நான்கு மாதம் சின்னவள் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தாள்.

கடைசி அளவு எண்பத்தொன்பது! அளக்க வந்தவர் பூரித்துப்போய், தலைமை ஆசிரியையும் பார்க்கட்டும் என்று வேறொரு பக்கத்தை நீட்டினார். அதில் கிணறு வெட்டும் கதை. சின்னவள் விரலை ஓட்டிக்கொண்டே யானையைக் குளிப்பாட்டினாள்.

"டீச்சர், யானை கிணத்துக்குள்ள விழுந்துடுச்சு!" என்றது பின்வரிசை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முதலில் சிரித்தவள் முதல் ரேங்க்காரி.

"மத்த பிள்ளைங்களுக்கும் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை.

"எதுக்கு மேடம்? எல்லாரும் நல்லாத்தான் வந்திருக்காங்க. இவளால சராசரி சரியும், இவள மட்டும் எடுத்துடலாம்," என்றார் அளக்க வந்தவர்.

'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று ஒரு தாள் தயாரானது. சின்னவள் கட்டைவிரலை நீட்டினாள்.

"கைநாட்டா? அறிக்கைக்கே அசிங்கம். பேரை எழுதுடி," என்றார் தலைமை ஆசிரியை.

"தெரியாது டீச்சர். எழுதினா ஆறாம் வகுப்பு உண்டா?"

"முதல்ல எழுது. அப்புறம் பேசலாம்."

முதல் ரேங்க்காரி கரும்பலகையில் பெயரை எழுதிக் காட்டினாள். சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாகப் பார்த்து வரைந்தாள். மை காயுமுன் தாளை உருவிக்கொண்டு, பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 1994 மார்ச் 18, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து.