ஜூலியின் இடது முன்னங்கால்

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். எப்போதும் போல சோபாவிலிருந்து குதித்த ஜூலி ஒரே ஒரு முறை வீறிட்டாள். இடது முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே மடங்கித் தொங்கியது.

ஜூலி மினியேச்சர் பின்ஷர் இன நாய். மூன்று கிலோகூட இல்லை. காலெலும்பு என் சுண்டுவிரலைவிட மெலிது.

பீர்க்கன்கரணையில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் மட்டை வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரத்தில் கூடிவிடும் என்றார்கள். நம்பினோம். கட்டைப் பிரித்த அன்று கால் மறுபடியும் தொங்கியது. நான்-யூனியன் (முறிந்த எலும்பு கூடாமல் நின்றுவிடுவது) என்றார் தாம்பரத்தில் நாங்கள் பார்த்த டாக்டர்.

“மேடம், இந்த மாதிரி சின்ன பிரீட்ல அந்த இடத்துக்கு ரத்த ஓட்டமே கம்மி. வெறும் கட்டு போட்டா சேராது. முதல்லயே பிளேட் வெச்சிருக்கணும்.”

அந்த ஆறு வாரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

பிளேட் (எலும்பைச் சேர்த்துத் திருகும் உலோகத் தகடு) வைத்தார். எட்டு வாரம் கூண்டைவிட்டு வெளியே விடவே கூடாது என்று இருமுறை சொன்னார்.

ஐந்தாவது வாரம். நான் வேலை பார்க்கும் பள்ளியில் இருந்தபோது கணவர் போன் செய்தார். அழுகிறாளே என்று பத்து நிமிடம் திறந்துவிட்டாராம். கட்டிலில் ஏறிக் குதித்துவிட்டாள்.

தகட்டின் முனையில் எலும்பு சிதறியிருந்தது. இனித் திருகு போட இடமில்லை, காலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

“கூண்டுலதானே வெச்சிருந்தீங்க?”

கணவர் தரையைப் பார்த்தார்.

“ஆமா டாக்டர். உள்ளயே குதிச்சிட்டா” என்றேன்.

காரில் வரும்போது அவர் சொன்னார்: “அது அழுதுச்சு. நீயா இருந்தாலும் தெறந்திருப்ப.”

நான் திறந்திருக்க மாட்டேன்.

காலை எடுத்த இரண்டு வாரத்தில் ஜூலி மூன்று காலில் ஓடப் பழகிவிட்டாள். உங்கள் நாய்க்கு இப்படி நேர்ந்தால் முதல் நாளே பிளேட்டைப் பற்றிக் கேளுங்கள். கூண்டை யார் திறப்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கணவர் செருப்பை மாட்டினால் அவள்தான் முதலில் வாசலில் நிற்கிறாள். அவர்மீது அவளுக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது.

பள்ளி மாடிப்படியில் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறேன். வாரங்களை எண்ணும் பழக்கமும் போகவில்லை. எதற்காக என்று தெரியாமலே எண்ணுகிறேன். ஜூலி ஓடிவந்து நிற்கும்போது உடலின் முன்பாரம் முழுக்க அந்த ஒற்றை வலது காலில்தான் இறங்குகிறது. அதுவும் அதே மெலிந்த எலும்புதான்.